வெளிநாட்டுப் பயணத்துக்கு எந்தக் கார்ட்? காசை மிச்சப்படுத்தும் 54 குறிப்புகள்

பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளில் வெளிநாட்டுப் பயணம் இப்போது புதினமில்லை. கலியாணச் சேலை எடுக்கச் சென்னைக்கு, நேர்த்தி தீர்க்கச் சிதம்பரத்துக்கும் வேளாங்கண்ணிக்கும், பேரப்பிள்ளையைப் பார்க்க லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் என்று வருடம் முழுவதும் யாராவது பெட்டி கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். டிக்கட்டில் ஆயிரம் ரூபா குறைக்க நாலு இடத்தில் விசாரிப்போம். கிரெடிட் கார்ட் என்று வந்தால் மட்டும் பையில் கிடப்பதை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடுவோம். வெளிநாட்டில் 100 டொலர் செலவழித்தால் இங்கே மாதக் கணக்கில் மொத்தம் எத்தனை ரூபா விழும் என்பதுதான் கார்டை எடைபோடும் ஒரே கேள்வி. அதை மனதில் வைத்துச் சேர்த்த குறிப்புகள் இவை. உங்கள் வீட்டுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள், நண்பர்களே!

கார்ட் எடுக்கும் முன்

1. வங்கிக்குப் போனால் "என்ன ஒஃபர் இருக்கிறது?" என்று தொடங்காதீர்கள். "இன்றைக்கு 100 டொலருக்குச் சாமான் வாங்கினால் எல்லாம் சேர்த்து எத்தனை ரூபா வரும்?" என்று கேளுங்கள். ஒரே நாளில் இரண்டு மூன்று வங்கிகளில் கேட்டு எழுதிவைத்தால் எது மலிவு என்று உடனே விளங்கிவிடும்.

2. அந்தத் தொகைக்குள் மூன்று பங்கு இருக்கும்: விசா, மாஸ்டர்கார்ட் போன்ற வலையமைப்பின் மாற்று வீதம், அதன் மேல் வங்கி வைக்கும் சதவீதம், அரசாங்கத்தின் முத்திரை வரி. முதலாவதையும் கடைசியையும் நம்மால் அசைக்க முடியாது. வங்கிக்கு வங்கி மாறுவது நடுவில் இருப்பது, ஆகவே ஒப்பிடும்போது அதையே பாருங்கள்.

3. ஒவ்வொரு வங்கியும் தன் இணையத்தளத்தில் கட்டண அட்டவணை ஒன்றைப் போட்டிருக்கும். அதில் வெளிநாட்டுப் பாவனைக்கான வரியை மட்டும் போனில் படம் எடுத்து வையுங்கள். கிளையில் சொன்னதும் அட்டவணையில் இருப்பதும் ஒன்றா என்று சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும்.

4. விசாவும் மாஸ்டர்கார்டும் தங்கள் தளங்களில் மாற்று வீதக் கணிப்பான் வைத்திருக்கின்றன. நாணயத்தையும் திகதியையும் வங்கியின் சதவீதத்தையும் கொடுத்தால் ரூபாக் கணக்கு வந்துவிடும். சேலைக் கடையில் நின்றபடியே விலையைப் போட்டுப் பார்க்கலாம்.

5. புள்ளிகளும் காசு மீளளிப்பும் நல்லவைதான், ஆனால் கழித்துப் பாருங்கள். ஒரு கார்ட் 1 சதவீதம் திருப்பித் தந்து, மற்றதை விட மாற்று வீதத்தில் 1.5 சதவீதம் கூட எடுத்தால், நமக்கு அரை சதவீதம் நட்டம். இரண்டு லட்சம் ரூபா செலவில் அது ஆயிரம் ரூபா.

6. வருடக் கட்டணத்தைப் பயணங்களின் எண்ணிக்கையால் பிரியுங்கள். வருடத்தில் ஒருமுறை சென்னை போய் வருகிறவருக்குப் பெரிய பெயர் வைத்த விலை கூடிய கார்ட் தேவையே இல்லை. குறிப்பிட்ட தொகைக்கு மேல் செலவழித்தால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் வங்கிகள் உண்டு, கேட்டு எடுங்கள்.

7. ஓய்வு பெற்றவர்களுக்குச் சம்பளச் சீட்டு இல்லையே என்று மலைக்க வேண்டாம். நிலையான வைப்பைப் பிணையாக வைத்துப் பல வங்கிகள் கார்ட் தருகின்றன, வைப்புக்கு வட்டியும் வழமைபோல வந்துகொண்டிருக்கும். வைப்பின் முதிர்வுத் திகதி பயணத்தின் நடுவில் விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. வீட்டில் ஒருவர் பெயரில் கார்ட் இருந்தால் மனைவிக்கோ கணவருக்கோ துணைக் கார்ட் எடுக்கலாம், கட்டணம் குறைவு. கடன் எல்லை மட்டும் இருவருக்கும் பொதுவானது. ஒருவர் நகைக் கடையில் முழுவதையும் முடித்துவிட்டால் மற்றவருடையதும் வேலை செய்யாது என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

9. ஒரு விசா, ஒரு மாஸ்டர்கார்ட் என்று இரண்டு வலையமைப்பு இருந்தால் நிம்மதி, அதுவும் இரண்டு வெவ்வேறு வங்கியில் இருந்தால் இன்னும் நல்லது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் இங்கே நேஷன்ஸ் ட்ரஸ்ட் வங்கி மூலம் கிடைக்கிறது, சலுகைகளும் உண்டு. ஆனால் வெளிநாட்டில் சின்னக் கடைகள் பல அதை எடுப்பதில்லை, ஆகவே அதைத் தனியாக நம்பிப் போக வேண்டாம்.

10. மகன் ஜப்பானில் படிக்கிறாரா? ஜே.சி.பி. கார்ட் அந்த நாட்டில் பிறந்தது, அங்கே எங்கும் செல்லும். மற்ற நாடுகளில் அதன் பாவனை குறைவு என்பதால் அதற்குத் துணையாக ஒரு விசா அல்லது மாஸ்டர்கார்டும் பையில் இருக்கட்டும்.

11. எச்.எஸ்.பி.சி. இலங்கையில் தன் தனிநபர் வங்கிச் சேவையை நேஷன்ஸ் ட்ரஸ்ட் வங்கிக்கு விற்பதாக 2025இல் அறிவித்தது. அந்தக் கார்டை வைத்திருப்பவர்கள் பயணத்துக்கு முன் கார்ட் இலக்கம், புள்ளிகள், கட்டணம் மூன்றும் எப்படி ஆகின்றன என்று வங்கியிடம் கேட்டுவிடுங்கள். வங்கியில் இருந்து வரும் கடிதத்தைத் திறக்காமல் போட்டுவைக்க வேண்டாம்.

12. ஒரேநேரத்தில் நாலைந்து வங்கிக்கு விண்ணப்பம் போடாதீர்கள். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த கடன் தகவல் பணியகம், நாம் கிறிப் என்று சொல்வது, நம் கடன்களையும் பிந்திய கொடுப்பனவுகளையும் பதிந்து வைத்திருக்கிறது. பழைய கார்டை நேரத்துக்குக் கட்டி வந்திருந்தால் புதியது சுலபமாகக் கிடைக்கும்.

13. நம் கார்டை வெளிநாட்டில் சொந்தத் தேவைக்குத்தான் பாவிக்கலாம்: பயணம், தங்குமிடம், வைத்தியம், படிப்பு, வீட்டுச் சாமான் போன்றவை. பங்கு, காணி என்று முதலீடு செய்வதற்கு அது வழியல்ல. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் அதைத் தனி ஒழுங்கில் வைத்திருக்கிறது. "உங்கள் கார்டில் எனக்கும் ஒரு பெரிய தொகை கட்டுங்கள்" என்று யாராவது கேட்டால் அன்பாக மறுத்துவிடுங்கள்.

14. "விமான நிலைய லவுஞ் இலவசம்" என்றால் எத்தனை தடவை, எத்தனை பேருக்கு என்று உடனே கேளுங்கள். கூடப் போகும் ஆளுக்கு டொலரில் கட்டணம் விழலாம். கட்டுநாயக்காவில் ஒரு தேத்தண்ணியும் சாண்ட்விச்சும் வாங்குவது அதைவிட மலிவாக முடியும்.

15. அடிக்கடி ஸ்ரீலங்கன் விமானத்தில் போகிறவர்கள் கார்ட் புள்ளிகளை ஃபிளைஸ்மைல்ஸ் மைல்களாக மாற்ற முடியுமா என்று பாருங்கள். ஸ்ரீலங்கன் 2014 மே மாதம் வன்வேர்ல்ட் கூட்டணியில் சேர்ந்தது, ஆகவே அந்த மைல்கள் கூட்டணியின் மற்ற விமானங்களிலும் பயன்படும். புள்ளிகளுக்குக் காலாவதி உண்டா என்பதையும் கேட்டுவையுங்கள்.

டிக்கட், வீசா, ஹோட்டல்

16. கொழும்பில் இருந்து புறப்படும் டிக்கட்டை இங்குள்ள பயண முகவரிடமோ விமான நிறுவனத்தின் உள்ளூர் அலுவலகத்திலோ ரூபாவில் வாங்கினால் வெளிநாட்டுக் கட்டணம் ஒட்டாது. இணையத்தில் டொலரில் சற்று மலிவாகத் தெரிந்தாலும், கார்டின் சதவீதத்தைச் சேர்த்த பிறகு ஒப்பிடுங்கள். பல தடவை காலி வீதி முகவரின் விலையே வென்றுவிடும்.

17. வெளிநாட்டுத் தளம் ஒன்று விலையை இலங்கை ரூபாவில் காட்டினாலும் ஏமாந்துவிடாதீர்கள். விற்பவர் வெளிநாட்டில் பதிவானவர் என்றால் ரூபாக் கணக்குக்கும் எல்லை தாண்டிய கட்டணம் என்று சில வங்கிகள் எடுக்கும். அப்படிப்பட்ட தளத்தில் அதன் சொந்த நாணயத்திலேயே கட்டுவது நல்லது.

18. வட்டியில்லாத் தவணையில் டிக்கட் என்று வங்கிகள் அடிக்கடி அறிவிக்கும். நாலு பேர் கொண்ட குடும்பம் கனடா போவதென்றால் அது பெரிய உதவி. கையாளும் கட்டணம் உண்டா, தவணை முடியும்வரை முழுத் தொகையும் எல்லையைப் பிடித்துவைக்குமா என்று மட்டும் கேளுங்கள். பிடித்துவைத்தால் பயணச் செலவுக்கு வேறு கார்ட் வேண்டும்.

19. பல நாடுகளின் வீசாக் கட்டணம் இப்போது இணையத்தில், வெளிநாட்டு நாணயத்தில் கட்டுவது. அதற்கும் கார்டின் வெளிநாட்டுச் சதவீதம் விழும் என்பதால், செலவு குறைந்த கார்டை அங்கிருந்தே பாவிக்கத் தொடங்குங்கள். குடும்பத்தில் எல்லோருக்கும் கட்டுவதென்றால் எல்லை போதுமா என்று முதலில் பாருங்கள். பாதியில் நின்றால் படிவத்தைத் திரும்ப நிரப்ப வேண்டிவரும்.

20. சில கார்ட்களில், டிக்கட்டை அதே கார்டில் வாங்கினால் பயணக் காப்புறுதி சேர்ந்து வரும். பாரிஸ், சூரிச், பேர்லின் போகிறவர்களுக்கு ஷெங்கன் வீசா கேட்பது குறைந்தது 30,000 யூரோ வைத்தியக் காப்பு. அந்தத் தொகை கார்டின் காப்புறுதியில் இருக்கிறதா என்று பார்த்து, வங்கியிடம் சான்றுக் கடிதம் எடுத்தால் தனிக் காப்புறுதிக் காசு மிச்சம்.

21. காப்புறுதியில் வயது எல்லையையும், ஏற்கனவே இருக்கும் நோய்களைப் பற்றிய வரியையும் கட்டாயம் வாசியுங்கள். சீனியும் பிரஷரும் உள்ள அம்மா அப்பாவுக்குக் கார்டுடன் வரும் காப்பு போதாமல் போகலாம். அவர்களுக்குத் தனியாக எடுப்பதே பாதுகாப்பு.

22. ஹோட்டலை "வந்து கட்டுகிறேன்" என்ற முறையில் பதிந்தால் திட்டம் மாறினாலும் காசு போகாது. பதிந்த கார்டையே அங்கே காட்டச் சொல்லும் ஹோட்டல்கள் உண்டு. ஆகவே மகளின் கார்டில் பதிந்துவிட்டு அப்பா மட்டும் போய் நிற்கும் நிலை வேண்டாம்.

பெட்டி கட்டும் கிழமையில்

23. பல வங்கிகள் வெளிநாட்டுப் பாவனையைப் பூட்டியே வைத்திருக்கின்றன. வங்கிச் செயலியில் அதைத் திறந்து, போகும் நாடுகளையும் திரும்பும் திகதியையும் கொடுத்துவிடுங்கள். இடையில் டுபாயில் இறங்கி ஏறுவதென்றால் அதையும் சேருங்கள்.

24. கிரெடிட் கார்டுக்கும் பின் இலக்கம் உண்டு, நாம்தான் இங்கே கையெழுத்தோடும் தட்டுவதோடும் முடித்துவிடுகிறோம். இந்தியாவில் பல கடைகளின் இயந்திரம் பின் கேட்கும். போவதற்கு முன் எடுத்து, இங்கே ஒருமுறை பாவித்துப் பாருங்கள்.

25. இணையத்தில் கட்டும்போது வரும் ஓ.டி.பி. நம் இலங்கைப் போனுக்குத்தான் வரும். டயலொக், மொபிடெல், ஹச் எதுவானாலும் ரோமிங்கைத் திறந்து, டேட்டாவை மூடிவிட்டுப் போங்கள். குறுஞ்செய்தி வாங்குவதற்குப் பெரும்பாலும் காசு எடுப்பதில்லை.

26. வங்கியின் நாலு இலக்க அவசர எண் வெளிநாட்டில் இருந்து வேலை செய்யாது. +94 என்று தொடங்கும் முழு இலக்கத்தைக் கார்டின் பின்புறத்தில் பார்த்து, போனிலும் ஒரு கடதாசியிலும் எழுதுங்கள். போன் தொலைந்தால் அந்தக் கடதாசிதான் கைகொடுக்கும்.

27. எல்லையை ரூபாவில் பார்த்து மகிழாமல் டொலரில் பிரித்துப் பாருங்கள். மூன்று லட்சம் ரூபா எல்லை, டொலர் 200 ரூபாவாக இருந்தபோது 1,500 டொலர்; 300 ரூபாவானால் 1,000 டொலர்தான். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 அளவில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360ஐ எட்டியது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

28. சென்னைக்கோ வேலூருக்கோ வைத்தியத்துக்குப் போகிறவர்கள் தற்காலிக எல்லை உயர்வு கேளுங்கள். ஆஸ்பத்திரியின் மதிப்பீட்டுக் கடிதத்தைக் காட்டினால் கிடைப்பது சுலபம். திரும்பியதும் எல்லை பழையபடி ஆகிவிடும், புதிய கார்ட் எடுக்கத் தேவையில்லை.

29. கார்டில் இருக்கும் பெயரும் கடவுச்சீட்டில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகிறதா பாருங்கள். நம்மவர்களுக்குத் தகப்பன் பெயர் முதலில் வருவது, முதலெழுத்து சுருங்குவது என்று வித்தியாசம் வரும். பெரிய கடைகளிலும் ஹோட்டல்களிலும் கடவுச்சீட்டைச் சேர்த்துக் கேட்கும்போது இது கைகொடுக்கும்.

30. கார்டின் காலாவதித் திகதி பயணத்துக்குள் விழுந்தால் இப்போதே புதியதைக் கேளுங்கள். வீட்டுக்கு வரும் கார்டை மெல்பேர்னுக்கு அனுப்பச் சொல்ல முடியாது. இரண்டு மாதம், மூன்று மாதம் பிள்ளைகளோடு நிற்கப் போகும் பெற்றோருக்கு இது முக்கியம்.

31. பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து டொலரோ பவுணோ அனுப்புகிறார்களா? அதை ரூபாவாக்காமல் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கில் வைத்து, அதற்கு டெபிட் கார்ட் எடுக்கலாம். ரூபாவாக்கித் திரும்ப டொலராக்கும் இரட்டை நட்டம் மிச்சமாகும்.

32. முன்கூட்டிக் காசு போட்டுப் பாவிக்கும் பயணக் கார்ட், செலவைக் கட்டுக்குள் வைக்க நல்லது. முதன்முதலாகப் படிக்கப் போகும் பிள்ளைக்கு ஏற்றது. போடும்போது ஒரு கட்டணம், எடுக்கும்போது ஒரு கட்டணம், மீதியைத் திருப்பும்போது ஒரு கட்டணம் என்று மூன்றையும் கேட்டுவிட்டே எடுங்கள். ஹோட்டல் முற்பணத்துக்கு இதைக் கொடுக்க வேண்டாம், சில இடங்களில் எடுக்கமாட்டார்கள்.

33. கையில் கொஞ்சம் நோட்டும் வேண்டும். மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நாணய மாற்றுநரிடம் மட்டும் வாங்கி, பற்றுச்சீட்டைக் கடவுச்சீட்டுக்குள் வையுங்கள். காலி வீதி நெடுகிலும் இருக்கிறார்கள், இரண்டு மூன்று கடை ஏறி வீதத்தைக் கேட்டால் இடியப்பச் செலவாவது மிஞ்சும்.

34. எல்லாக் கார்டையும் ஒரே பைக்குள் வைக்காதீர்கள். ஒன்று ஆளின் கையில், ஒன்று துணையின் கைப்பையில், ஒன்று ஹோட்டல் அறைப் பெட்டிக்குள் என்று பிரியுங்கள். ஒன்று தொலைந்தாலும் பயணம் நிற்காது.

போன இடத்தில்

35. வெளிநாட்டு இயந்திரம் "இலங்கை ரூபாவிலா, உள்ளூர் நாணயத்திலா?" என்று கேட்டால் எப்போதும் உள்ளூர் நாணயத்தைத் தொடுங்கள். ரூபா என்று சொன்னால் மாற்று வீதத்தைத் தீர்மானிப்பது அந்தக் கடைப் பக்கத்து நிறுவனம், அது தன் லாபத்தையும் வைக்கும். இந்தப் பட்டியலில் ஒரேயொரு குறிப்பைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

36. கணக்குப் போட்டால் விளங்கும்: 20,000 இந்திய ரூபா சேலை, இந்திய ரூபா ஒன்று 3.50 என்று வைத்தால் நம் காசில் 70,000 ரூபா. இயந்திரம் 4 சதவீதம் கூட்டினால் 2,800 ரூபா அநியாயமாகப் போகும். தைக்கும் கூலிக்கு அது போதும்.

37. கடைக்காரர் நம்மைக் கேட்காமலே ரூபாவை அழுத்திவிட்டால் கையெழுத்துப் போடாமல், பின் அழுத்தாமல் நிறுத்துங்கள். தெரிவு வாடிக்கையாளருடையது என்பது விசா, மாஸ்டர்கார்ட் இரண்டின் விதி. ரத்துச் செய்து உள்ளூர் நாணயத்தில் திரும்பப் போடச் சொல்லலாம்.

38. ஏ.டி.எம். இயந்திரமும் இதே கேள்வியைச் சுற்றி வளைத்துக் கேட்கும். "மாற்றத்தை ஏற்கிறீர்களா?" என்றால் மறுப்பை அழுத்துங்கள், காசு வரத்தான் செய்யும். கணக்கை நம் வங்கி பார்த்துக்கொள்ளும்.

39. கிரெடிட் கார்டில் காசு எடுப்பதைக் கடைசி வழியாக வையுங்கள். எடுத்தவுடன் கட்டணம், எடுத்த நாளில் இருந்தே வட்டி. சாமானுக்குக் கிடைக்கும் வட்டியில்லாக் காலம் இதற்கு இல்லை. நோட்டு வேண்டுமென்றால் டெபிட் கார்டைப் பாவியுங்கள், அதுவும் சிறுகச் சிறுக எடுக்காமல் ஒரே தடவையில்.

40. தமிழ்நாட்டில் இளநீர்க்காரர் முதல் ஓட்டோக்காரர் வரை, போனால் காசு கட்டும் யூ.பி.ஐ. முறையின் கியூஆர் அட்டைதான். 2024 பெப்ரவரியில் இலங்கைக்கு வந்த யூ.பி.ஐ. வசதி இந்தியர்கள் இங்கே கட்டுவதற்கு; நம் வங்கிச் செயலி அங்கே அதைப் படிக்காது. ஆகவே சின்னச் செலவுக்குச் சில்லறை நோட்டுகள் வைத்திருங்கள்.

41. நீண்ட நாள் நிற்கிறவர்களுக்கு "யூ.பி.ஐ. வன் வேர்ல்ட்" என்ற முன்பண வசதியை இந்தியா வெளிநாட்டுப் பயணிகளுக்காக வைத்திருக்கிறது. கடவுச்சீட்டும் வீசாவும் காட்டிப் பதிந்து, காசு ஏற்றி, கியூஆர் பார்த்துக் கட்டலாம். மீதியை ஊருக்குத் திரும்பும் முன் முடித்துக்கொள்ளுங்கள்.

42. தியாகராய நகரில் பெரிய துணிக்கடைகள் கார்டைத் தாராளமாக எடுக்கும். சின்னக் கடையிலும் சில நகைக் கடைகளிலும் "கார்ட் என்றால் 2 சதவீதம் கூட" என்பார்கள். விலை பேசும்போதே கார்டா காசா என்று சொல்லிப் பேசினால் கடைசியில் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

43. சிங்கப்பூரில் எம்.ஆர்.டி. ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் நம் விசா, மாஸ்டர்கார்டைத் தட்டிப் போகலாம். ஆனால் வெளிநாட்டுக் கார்டுக்கு நாளொன்றுக்கு 60 சதம் சிங்கப்பூர்க் காசு நிர்வாகக் கட்டணம் உண்டு. ஒரு கிழமைக்கு மேல் நின்றால் அங்கே ஈசி-லிங்க் கார்ட் வாங்குவதை யோசியுங்கள்.

44. சிங்கப்பூர் முஸ்தபா கடையில் சாமான் வாங்கினால் வரி மீளப்பெறலாம், ஜி.எஸ்.டி. 2024 முதல் 9 சதவீதம். திட்டத்தில் சேர்ந்த கடையில் குறைந்தது 100 சிங்கப்பூர் டொலருக்கு வாங்க வேண்டும். திரும்பும் வரிக் காசைச் சாங்கி விமான நிலையத்தில் கார்டுக்கே போடச் சொல்லலாம், வரிசையில் நிற்க ஒரு மணித்தியாலம் முந்திப் போங்கள்.

45. லண்டன் பஸ்களில் 2014 ஜூலை முதல் காசு எடுப்பதே இல்லை. தட்டும் கார்ட் இருந்தால் போதும், ஒரு நாளில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் எடுக்காத உச்ச வரம்பும் உண்டு. நாள் முழுவதும் ஒரே கார்டைத் தட்டுங்கள். மாற்றினால் அந்த வரம்பு கிடைக்காது.

46. ரொறன்ரோவில் ஸ்கார்பரோ பக்கம் நிற்கும் அம்மா அப்பாவுக்கு நல்ல செய்தி: 2023 ஆகஸ்ட் முதல் டி.டி.சி. பஸ்ஸிலும் சப்வேயிலும் கார்டைத் தட்டி ஏறலாம். ஒருமுறை தட்டினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் வாகனம் மாறினாலும் திரும்பக் காசில்லை, ஏறும்போது அதே கார்டைத் தட்டினால் சரி. ஒரு ஆளுக்கு ஒரு கார்ட், துணைக் கார்ட் இங்கேதான் உதவும்.

47. ஹோட்டலும் வாடகைக் கார்க் கொம்பனியும் ஒரு தொகையைப் பிடித்துவைக்கும். வெளியேறிய பின்னும் சில நாள் அது எல்லைக்குள் கிடைக்காது. இதற்குக் கிரெடிட் கார்டைக் கொடுங்கள். டெபிட் கார்டில் பிடித்தால் சாப்பாட்டுக்கு வைத்த சொந்தக் காசே மாட்டிக்கொள்ளும்.

48. கார்டைக் கண்ணுக்கு மறைவாக எடுத்துப்போக விடாதீர்கள். இயந்திரத்தை மேசைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். தட்டும் வசதி இருந்தால் கார்ட் கையை விட்டுப் போகவே தேவையில்லை. தட்டும் முன் திரையில் தொகையை ஒருமுறை வாசியுங்கள்.

49. கார்டைக் காணவில்லையா? தேடிக்கொண்டு இருக்காமல் முதலில் செயலியில் பூட்டுங்கள், பிறகு +94 இலக்கத்தில் வங்கியுடன் கதையுங்கள். கிடைத்துவிட்டால் தற்காலிகப் பூட்டைத் திரும்பத் திறக்கலாம்.

வீடு திரும்பிய பின்

50. பற்றுச்சீட்டுகளை அங்கேயே படம் எடுத்து வைத்தால், மாதக் கணக்கு வந்ததும் சரிபார்க்கச் சுகம். வாங்கிய நாளின் வீதமும் கணக்கில் ஏறிய நாளின் வீதமும் சற்று மாறும், அது பிழையல்ல. வாங்காத சாமான், இரண்டு தரம் விழுந்த தொகை இவற்றைத் தேடுங்கள்.

51. பிழை கண்டால் வங்கிக்கு எழுத்தில் கொடுத்து, முறைப்பாட்டு இலக்கம் வாங்குங்கள். பதில் திருப்தியில்லை என்றால் இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். கடிதப் பிரதியும் படங்களும் கையில் இருந்தால் வேலை விரைவாக நடக்கும்.

52. திருப்பிக் கொடுத்த சாமானின் காசு வேறு வீதத்தில் வரும், கட்டிய முத்திரை வரியும் வங்கிச் சதவீதமும் முழுதாகத் திரும்பாமல் போகலாம். ஆகவே வெளிநாட்டில் "பிறகு மாற்றலாம்" என்று வாங்காமல், அளவும் நிறமும் பார்த்து ஒரே தடவையில் முடியுங்கள். காசும் அலைச்சலும் மிச்சம்.

53. முழுத் தொகையையும் திகதிக்கு முன் கட்டுங்கள்; குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் மிச்சத்துக்கு வட்டி ஓடும், சேலையில் மிச்சம் பிடித்தது அதில் போய்விடும். ஒருமிக்கக் கட்ட முடியாதென்றால் கணக்கு வரும் முன்பே வங்கியை அழைத்துத் தவணைத் திட்டமாக மாற்றச் சொல்லுங்கள். கட்டி முடிந்ததும் வெளிநாட்டுப் பாவனையைச் செயலியில் திரும்பப் பூட்டிவிடுங்கள்.

54. வீட்டுக் கணக்குக் கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்கி, எந்தக் கார்டில் 100 டொலருக்கு உண்மையில் எத்தனை ரூபா விழுந்தது என்று எழுதுங்கள். அடுத்த பயணத்துக்கு எந்தக் கார்ட் என்ற கேள்விக்கு அந்தப் பக்கத்தைவிட நல்ல பதில் இல்லை. அடுத்ததாகப் பெட்டி கட்டும் அயல்வீட்டாருக்கும் அதைக் காட்டுங்கள். ஒரு வீட்டின் கணக்கு நாலு வீட்டுக் காசை மிச்சப்படுத்தட்டும்!